வண்டிக்குள் நான்கு குடம் தண்ணீர்

"முடியாது" என்ற சொல்லை நேரத்துக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் என் பாதிச் சள்ளைகள் எனக்கு வந்திருக்காது. யாராவது முகத்தைப் பார்த்து ஒரு வேலை சொன்னால் தலை தானாக ஆடிவிடும். வாய் பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

அப்படித் தலையாட்டி மாட்டிக்கொண்டதுதான் இந்த வண்டி வேலை. நாலைந்து வருடம் ஆகிறது. நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

நான் தில்லியில் கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் குழாய் வேலை பார்ப்பவன். ஐந்தாவது வரை படிப்பு. ஒழுகும் குழாய், அடைத்த கழிவுநீர், மொட்டை மாடித் தொட்டி, இவைதான் இருபது வருடமாக என் உலகம். தமிழ் பேசும் குழாய்க்காரன் என்பதால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னைத்தான் கூப்பிடும். அதில் ஒரு சார், ஏதோ மந்திரி ஆபீசில் இருந்தவர், அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அன்றோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்துவிட்டு ஊரோடு போகப் போகிறார்கள். ரயிலில் அல்ல. ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் விட்ட பழைய பிக்கப் வண்டி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதன் முதுகில் ஒரு சின்ன அறை. உள்ளே அடுப்பு மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, பெஞ்சு, டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் படுக்கை. இளவயதில் பட்டாளத்தில் இருந்து வண்டி ஓட்டப் பழகியவர். தில்லியிலிருந்து தஞ்சாவூர் வரை தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

வேப்ப மரத்தடியில் நின்ற வண்டியைக் காட்டி அவர் சொன்னார்: "பார்த்தியா? எல்லாம் இருக்கு. ஜலம் மட்டும் வரமாட்டேங்கறது. வீட்டுக்குக் குழாய் வைக்கறவனுக்கு இது ஒரு வேலையா? சின்ன வீடுதானே இது!"

அவருடைய மனைவி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆசாரமான அம்மா. வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். முன்பு ஒரு தடவை ரயிலில் போகும்போது கொண்டுபோன கூஜா பாதி வழியில் தீர்ந்து, மறுநாள் இறங்கும் வரை நாக்கை நனைக்காமல் உட்கார்ந்திருந்து, ஸ்டேஷனில் மயங்கி விழுந்திருக்கிறார்.

"ஜலம் சரியா வந்தா நான் இதுல வரேன்," என்றார் அந்த அம்மா. "இல்லேன்னா தம்பியோட ரயில்ல போயிக்கறேன். நீங்க உங்க ரதத்தைத் தனியா ஓட்டிண்டு வாங்கோ."

சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? எல்லாம் உன் கையிலதான் இருக்கு."

என் தலை ஆடிவிட்டது. வீட்டில் சொன்னபோது என் மனைவி சொன்னாள்: "வண்டிக்கும் குழாய்க்கும் என்னாய்யா சம்பந்தம்? முடியாதுன்னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

முதலில் தண்ணீர்த் தொட்டி. கழுவும் தொட்டிக்குக் கீழே பிளாஸ்டிக்கில் ஒன்று வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் செத்த தவளை மாதிரி நாற்றம். உள்ளே விரல் விட்டால் பச்சையாக வழுக்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, துத்தநாகம் பூசிய தகட்டில் நான்கு குடம் பிடிக்கிற தொட்டி ஒன்றை அடிக்கச் சொல்லி வாங்கி வந்தேன்.

அடுத்தது குழாயைத் திருகி ஏற்றும் மரை. அந்த வண்டியின் பித்தளை மூட்டுகள் வெளிநாட்டுச் சரக்கு. பார்த்தால் நம்முடைய அரை அங்குல மரை மாதிரியே இருக்கும். மூன்று சுற்று வெண்ணெய் போல ஏறும், நான்காவதில் இறுகும். அப்பாடா என்று தண்ணீர் விட்டால் முத்து முத்தாகக் கசியும். சணல் சுற்றினேன், வெள்ளைப் பூச்சு தடவினேன், கழற்றி மறுபடி சுற்றினேன். சாவ்ரி பஜாரில் கடை கடையாக அந்தத் துண்டைக் காட்டினேன். ஒரு கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பையா, இதுக்கு ஜோடி வேணும்னா நீ கடல் தாண்டிப் போகணும்," என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். கடைசியில் அந்த மூட்டுகளையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு நம் ஊர் இரும்புக் குழாயிலேயே வண்டி முழுவதும் போட்டு முடித்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. சார் என் முதுகில் தட்டினார். "சபாஷ்! வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

லோதி ரோடு வரைதான் போனோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் பள்ளத்தில் ஒரு மூட்டு விட்டது. இரண்டாவது பள்ளத்தில் இன்னொன்று. நான் இரண்டு கையாலும் இரண்டு மூட்டைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது என் மடியில் பீய்ச்சியது. நிறுத்தச் சொல்லிக் கத்த எனக்குக் கூச்சம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நான் குளித்தவன் மாதிரி நின்றேன்.

"என்னப்பா, உள்ளேயே ஸ்நானம் பண்ணிட்டியா?" என்றார் சார். சிரிக்கவில்லை.

வீடு நகராது. நகராத சுவரில் குழாய் பதித்துப் பழகிய கை என்னுடையது. குலுங்குகிற இடத்தில் இறுக்கிக் கட்டியது எதுவும் நிற்காது என்று எனக்குத் தோன்றாமல் போனது என் மடத்தனம்தான். இரும்பையெல்லாம் பிடுங்கிவிட்டு ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்டேன். அது நின்றது. இதற்குள் இருபது நாள் ஓடிவிட்டது.

மிச்சம் பம்பு. கழுவும் தொட்டி ஓரத்தில் கையால் இழுத்து அடிக்கிற சின்னப் பம்பு ஒன்று இருந்தது. கீழே உள்ள தொட்டியிலிருந்து அதுதான் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். அதன் உள்ளே கிண்ணம் மாதிரி இருக்கும் வாஷர் பொடிப்பொடியாகிக் கிடந்தது. அந்த அளவு எங்கும் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டேன், மடங்கிக்கொண்டது. செருப்பு ரப்பரில் வெட்டிப் போட்டேன், இழுக்க முடியாமல் சிக்கிக்கொண்டது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. என் அப்பா வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்தாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். தில்லிக்கு வந்தபின் தோல் என்ற சொல்லையே நான் யாரிடமும் எடுப்பதில்லை. ஆனால் கைக்கு மறக்கவில்லை. எருமைத் தோல் துண்டு ஒன்றை வாங்கி, ஊறவைத்து, குழாய் வாய்க்குள் மரக்கட்டையால் அழுத்திக் கிண்ணமாக்கி, நிழலில் காயவைத்து, கடுகெண்ணெயில் போட்டு எடுத்தேன். பம்பில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன். பட்டுப்போல இறங்கியது. இரண்டாவது இழுப்பில் தண்ணீர் கொட்டியது. என் ஆயுளில் அவ்வளவு நல்ல வாஷர் நான் செய்ததில்லை.

சத்தம் கேட்டு இருவரும் வந்தார்கள். அந்த அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குள்ள தோல் கீல் ஒண்ணும் இல்லையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் சொன்னார்: "தோலாவது! எல்லாம் ரப்பர். அச்சா ரப்பர்."

அவருக்குத் தெரியும். நான் வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர். என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சுருக்கினார். நான் குனிந்து சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அந்த அம்மா ஒரு பித்தளைச் சொம்போடு வண்டிக்கு வந்தார். தானே பம்பை அடித்து நிரப்பிக்கொண்டார். சுவாமிக்கு வைத்துவிட்டு அன்றைக்கே குடித்துப் பழகப் போவதாகச் சொன்னார். நான் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சார் ஆபீசில் இருந்தார்.

இரண்டடி போனவர் நின்றார். "ஏம்ப்பா, நீ சொல்லு. அவர் காரியம் ஆகணும்னா எதை வேணா சொல்லுவார். உனக்கோ பேச்சே வராது, பொய் எங்கேருந்து வரும்? இதுல தோல் இல்லையோன்னோ?"

அவர் வீட்டில் எனக்குக் காப்பி தரும் கண்ணாடித் தம்ளர் மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கும். நானே எடுத்து நீட்டுவேன், குடித்ததும் கழுவி அங்கேயே வைப்பேன். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நாங்கள் இருக்கும் ஜுக்கிக் குடிசைகளில் அறுபது வீட்டுக்கும் ஒரே அடிபம்பு, அதற்குள் இருப்பது தோல்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறோம். இதெல்லாம் அந்த நேரம் மனதில் ஓடியது. "இல்லீங்கம்மா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொம்பு அவர் கையில் இருந்தது.

"தோலுதாம்மா," என்றேன். "நான்தான் வெட்டிப் போட்டேன்."

அவர் சொம்புத் தண்ணீரை வேப்ப மரத்தடியில் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் சார் வந்து குதித்தார். "ஒரு மாசமா வாயே திறக்காதவன், இன்னிக்குப் பார்த்துத் திறப்பானா? யாருப்பா உன்னைக் கேட்டா?"

"அம்மா கேட்டாங்க சார்."

"கேட்டா? ரப்பர்னு சொன்னா குறைஞ்சா போயிடுவே? அவ இப்போ தம்பிக்குத் தந்தி குடுக்கச் சொல்றா, ரயில் டிக்கெட்டுக்கு!"

எனக்கும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு மாத வேலை. அதில் உருப்படியாக வந்தது அந்த ஒரு வாஷர்தான். அதையே கழற்றச் சொல்கிறார்கள். கழற்றினேன். பம்பையும் சேர்த்துக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே குவார்ட்டர்ஸின் மொட்டை மாடி. அதன்மேல் தொட்டி. இருபது வருடமாக நான் ஏறி இறங்குகிற தொட்டி. அதற்குக் கீழே எந்த வீட்டுக் குழாயிலும் யாரும் பம்பு அடிப்பதில்லை. தண்ணீர் தானே இறங்குகிறது. இது முதல் நாளே தோன்றியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

தண்ணீர்த் தொட்டியை மேலே வைக்க வண்டியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த பலகை. சாரின் படுக்கை. அதற்கென்று புது மெத்தை தைத்து வைத்திருந்தார். வண்டி வந்த நாளிலிருந்து தினமும் அதில் ஏறிப் படுத்துத்தான் பேப்பர் படிப்பார். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்போ நான் எங்கே படுக்கறது?" என்றார்.

சாத்திய கதவு திறந்தது. "தரையில படுங்கோ," என்றார் அம்மா. "ஜலம் மேலே இருக்கட்டும். அது உங்களைவிட ஒசத்திதான்."

"என் மெத்தை?"

"அதையும் தரையில போட்டுக்கோங்கோ. யாரு வேண்டாம்னா?"

இரண்டு நாளில் தொட்டியை மேலே ஏற்றிப் பட்டை போட்டு இறுக்கினேன். சார் உயரமானவர். மிச்சமிருந்த இடத்தில் அவர் கால்கூட நீளாது. அம்மா வெளியே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் காட்டச் சொன்னார். குழாயைக் கழற்றி உள்ளே இருந்த வாஷரைக் காட்டினேன்.

"இது என்ன?"

"சைக்கிள் டியூப்மா."

"எவன் ஓட்டினதோ!"

"புது டியூப்மா. இன்னும் காத்தே அடிக்கலை."

சரி என்று தலையசைத்தார். மறுநாள் காலையில் அந்தக் குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்துப் போனார். அது திரும்பிக் கொட்டப்படவில்லை. தந்தியைப் பற்றியும் பேச்சில்லை.

புறப்படும் அன்று நான் கடைசியாக ஒருமுறை எல்லாக் கிளிப்பையும் தொட்டுப் பார்த்தேன். அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். சார் என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார். வண்டி மூலை திரும்பியது. தரையைப் பார்த்தேன். ரோட்டில் ஈரக் கோடு.

கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பால் டிப்போ தாண்டி, மார்க்கெட் தாண்டி, ரிங் ரோடு வரை. அங்கே வண்டி இல்லை. கோடும் சற்று முன்பே நின்றிருந்தது. விளிம்பு வரை நிரப்பியதால் மூடியில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியே தண்ணீர் சிந்தியதா, அல்லது ஏதாவது மூட்டு மறுபடியும் விட்டதா? நான்கு குடமும் இவ்வளவு தூரத்துக்குள் தீராது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டும் மனம் ஆறவில்லை. அன்றைக்கு எடுத்த வேலை எதுவும் ஓடவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே வரிசையில் இருந்த இன்னொரு சார் தன் வீட்டுக் குழாய்க்குக் கூப்பிட்டார். போனதும் சொன்னார்: "உன் பார்ட்டி கடுதாசி போட்டிருக்கார்ப்பா. சௌக்கியமா போய்ச் சேர்ந்துட்டாளாம். அந்த அம்மா வழி முழுக்க அந்தக் குழாய் ஜலத்தைத்தான் குடிச்சாளாம். எங்கேயாவது நல்ல கிணறைப் பார்த்தா இவரை இறைக்கச் சொல்லி, துணியில வடிகட்டி நிரப்பிப்பாளாம்."

"ஒழுகலையாங்க?"

"அதெல்லாம் எழுதலை. இவருக்குத்தான் நாக்பூர் தாண்டறதுக்குள்ள இடுப்பு பிடிச்சுண்டுடுத்தாம். தரைக் குலுக்கல். 'அந்தக் குழாய்க்காரன் வாயை மூடிண்டு இருந்திருந்தா நான் ராஜா மாதிரி வந்திருப்பேன்'னு எழுதியிருக்கார்."

எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்தத் தோல் வாஷரை நான் எறியவில்லை. ஒரு டப்பாவில் கடுகெண்ணெய் விட்டு இன்னும் போட்டு வைத்திருக்கிறேன். கெடவே இல்லை. எங்கள் ஜுக்கி அடிபம்பில் போட்டுப் பார்த்தேன், அதற்குச் சின்னது. வேறு எந்தப் பம்புக்கும் பொருந்தவில்லை.