பலராமன் காத்த எல்லையும் கொளஞ்சியின் கத்திரிக்கொல்லையும்

"எல்லைக்கு அந்தாண்ட வெளஞ்சது எதுவா இருந்தாலும் இந்தத் தொண்டையில எறங்காது. எறங்குச்சின்னா அன்னிலேர்ந்து என்னப் பலராமன்னு கூப்புடாதீங்க!"

எழுபத்தெட்டாம் வருடம், முதலியார்பேட்டை டீக்கடை ஒன்றில் இந்தப் பிரகடனம் வெளியானது. வெளியிட்டவர் மில் மேஸ்திரி பலராமன். அப்போது அவர் கையில் இருந்தது நீலகிரித் தேயிலையில் போட்ட டீ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவதாஸ் அதைக் கண்ணாலேயே சுட்டிக்காட்டினார். தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், அதாவது சொல்தா. மரியாதைக்கு ஊரில் எல்லோரும் கூப்பிடுவது முசே.

"டீ சாப்பாடு இல்ல முசே," என்றார் பலராமன். "அது பழக்கம்."

எந்தச் சட்டமும் ஒரு விதிவிலக்கை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பிறக்கிறது. நாம் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அன்று காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பாகூர்ப் பக்கத்திலிருந்து விடியலில் வந்திறங்கிய வெண்டைக்காய் கேட்பாரற்று வாடிக்கொண்டிருந்தது. பெங்களூர் லாரியில் வந்த முட்டைக்கோஸைச் சுற்றியோ, பந்திக்கு இடம் பிடிப்பதுபோல ஜனங்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வெண்டையை மாடு தின்றது. மாட்டுக்கு இருக்கிற ஊர்ப்பற்று மனுஷனுக்கு இல்லையே என்று வயிறெரிந்து வந்தவர், டீ ஆறுவதற்குள் 'முதலியார்பேட்டை உள்ளூர் விளைபொருள் ஆதரவுச் சங்கத்தை'த் தொடங்கிவிட்டார். தலைவர் அவரே. செயலாளரும் அவரே. பக்கத்தில் இருந்த குற்றத்துக்காக முசே ஆலோசகர் ஆனார்.

உள்ளூர் என்றால் எதுவரை? வேறு ஊராக இருந்தால், பக்கத்தில் விளைவதெல்லாம் உள்ளூர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். புதுச்சேரி அப்படி லேசுப்பட்ட ஊரா? நம் எல்லை தரையில் சிந்திய ரசம் மாதிரி. ஒரு தெரு நம்முடையது, அதையடுத்த வயல் தென்னாற்காடு ஜில்லா, அதற்கும் அடுத்த குளம் மறுபடியும் நம்முடையது. போதாக்குறைக்கு, பலராமனின் தகப்பனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லைச் சுங்கச் சாவடியில் காவல் இருந்தவர். மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தவர். சாவடி எப்போதோ போய்விட்டது. மகன் மனசில் மட்டும் குறுக்குக் கட்டையை யாரும் தூக்கவில்லை. ஆகவே, புதுச்சேரி அரசாங்கத்துக்கு உட்பட்ட மண்ணில் விளைந்தது மட்டுமே உள்ளூர்க் காய் என்று தீர்ப்பாயிற்று.

"அப்ப காரைக்கால்?" என்றார் ஆலோசகர்.

"உள்ளூரு."

"மாஹே? அது கேரளாவுக்கு நடுவுல, மேலக் கடலோரம் கெடக்குதேப்பா."

"எங்க கெடந்தா இன்னா? நம்ம கவர்மெண்டுதான?"

"ஏனாம்? அது ஆந்திராவுக்குள்ள..."

"ஆந்திராவப் பத்திப் பேச்செடுக்காதீங்க முசே. ஏனாம் உள்ளூரு."

மாஹேயிலிருந்து ஒரு தேங்காயும் வந்து சேரவில்லை. காரைக்கால் கத்திரிக்காய் வந்தது. சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அயலூர்ப் புழுதியெல்லாம் பூசிக்கொண்டு, பஸ் கூரையில் வெந்து, உள்ளூர்க் காயாக வந்து இறங்கியது. பலராமனின் மனைவி தையல்நாயகி அதை முறத்தில் கொட்டிப் பார்த்தார்.

"இது கத்திரிக்காயா, கத்திரிக்காயோட ஆயாவா?"

"ஊருக்காகக் கொஞ்சம் அனுசரிச்சிப் போ."

"பல்லு எனுக்குத்தானங்க போவுது, ஊருக்கா போவுது?"

இந்தச் சமயத்தில்தான் கொளஞ்சியின் வழக்கு வந்தது. கொளஞ்சி பல வருடமாக அந்தத் தெருவில் கத்திரிக்காய்க் கூடை இறக்குகிறவள். விடிகாலையில் பறித்து, கடலூர் ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். காம்பில் ஈரம் காய்ந்திருக்காது. சங்கத்தின் துரதிர்ஷ்டம், அவள் வீடும் கிணறும் எல்லை வரப்புக்கு இந்தப் பக்கம், புதுச்சேரி. கத்திரிக்கொல்லை வரப்புக்கு அந்தப் பக்கம், தென்னாற்காடு.

"பாயற தண்ணி நம்ம தண்ணிதாண்ணே," என்று தெருமுனையில் கூடையை இறக்காமலே வாதாடினாள்.

"நம்ம தண்ணியக் குடிச்சிட்டு அந்தாண்ட போயி நிக்கிது பாரு, அதான் குத்தம்."

"என் ஓட்டு இந்தாண்டதானண்ணே இருக்குது?"

"உனுக்கு இன்னா தட? நீ தாராளமா வா. காய் வரக்கூடாது."

தெரு கட்டுப்பட்டது. ஊர்ப்பற்றினால் என்று எழுத ஆசைதான். பலராமனின் வாய்க்குப் பயந்து என்பதே சரி. மில் ஷிப்ட் முடிந்ததும் தெருமுனையில் நின்று, வருகிறவர்களின் பையைக் குடைக்கம்பியால் குத்திப் பார்த்தார். தகப்பனார் இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். கொளஞ்சியின் கூடை மட்டும் வந்த கனத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை அவள் கூடையில்லாமல் வந்தாள். தையல்நாயகியிடம்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம சவுக்குக் கன்னு வருது அண்ணி. கத்திரிய ஓட்டிட்டு நட்டுடப் போறேன். வேற தெருவுக்குக் கூடையத் தூக்கி அலைய ஒடம்புல தெம்பில்ல."

சவுக்கை நட்டால் அது வெட்டுக்கு வரும்வரை அந்த மண்ணில் வேறு வெள்ளாமை கிடையாது. அவள் போனதும் தையல்நாயகி உள்ளே வந்தார்.

"ஊரு காய வாங்குங்கன்னு சங்கம் வெச்சீங்க. காய் வெளயிற கொல்லையில இப்ப வெறவு வெளயப் போவுது. அடுத்த கூட்டத்துல ஆளுக்கு ஒரு கட்ட குடுங்க, கடிச்சிக்கினே பேசட்டும்."

பலராமன் எழுந்துபோய்த் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார். அவர் வாழ்க்கை வரலாற்றில் இது முதல் தடவை என்பதால் குறித்து வைக்கிறோம்.

மறுநாள் ஷிப்டிலிருந்து நேராகச் சைக்கிளைக் கொளஞ்சியின் கொல்லைப் பக்கம் திருப்பினார். எல்லை ஆய்வு என்று காலையிலேயே முசேவிடம் சொல்லி வைத்திருந்தார். எல்லைக்கல் ஒருவேளை கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டால், கத்திரியை மானம் மரியாதையோடு புதுச்சேரியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உள்ளூர நப்பாசை. கல் அப்படியெல்லாம் வளைந்துகொடுக்கவில்லை. கிணற்றுக்கும் கொல்லைக்கும் நடுவே, வரப்பின்மேல் குத்துக்கல்லாக நின்றது. குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். கடைசியில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துக் கொல்லையில் ஏற்கெனவே சவுக்கு ஆளுயரம் வந்திருந்தது. இந்தக் கொல்லையில் பாதிக் காய்கள் முற்றி மஞ்சளடித்துத் தொங்கின. பறிக்க ஆளில்லை. பெரிய மார்க்கெட்டில் மாடு தின்ற வெண்டையைப் பார்த்தபோது பிடித்த அதே வயிற்றெரிச்சல் அவருக்கு மறுபடி பிடித்தது. இந்தத் தடவை திட்டுவதற்குப் பெங்களூர்க்காரன் யாரும் அகப்படவில்லை.

கிணற்றடியிலிருந்து கொளஞ்சி வந்தாள்.

"இன்னாண்ணே, கல்லு மேல குந்திக்கினு?"

"கொஞ்சம் தள்ளி இருக்குமோன்னு பாத்தேன்."

"வேணும்னா நவுத்திப்புடலாம். கடப்பார இருக்குது."

சுங்கக் காவலர் மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எல்லக்கல்லயா? அடிப்பாவி, ஜெயிலுக்குப் போவணும்!"

"அப்ப நீங்கதாண்ணே நவுந்துக்கணும்."

பலராமன் செருப்பைக் கழற்றி வரப்பிலேயே விட்டார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கூடைய எடுத்தா," என்றார்.

சாயங்காலம் தெருமுனையில், பைகளைக் குத்திப் பார்த்த அதே இடத்தில், பலராமன் சைக்கிளை நிறுத்தினார். கேரியரில் கூடை. பெண்கள் சந்தேகத்தோடு சுற்றி நின்றார்கள்.

"எந்த ஊருக் காய் மேஸ்திரி?"

"இப்பதான் பறிச்சது."

"ஊரக் கேட்டா நேரத்தச் சொல்றாரு பாருடி!"

சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். இத்தனை நாள் காரைக்கால் காயை மென்ற தெரு அது. சிரிப்பு அடங்குவதற்குள் கூடை காலியாகிவிட்டது.

"கல்லு எந்தப் பக்கம்பா இருந்துச்சி?" என்று முசே விடாமல் கேட்டார்.

"இருக்குது முசே, அது பாட்டுக்கு."

வெள்ளிக்கிழமை வந்த சவுக்குக் கன்றுகளைக் கொளஞ்சி அதே வண்டியில் திருப்பி அனுப்பினாள். அன்று மத்தியானம் பலராமன் சாப்பிட உட்கார்ந்தார். தையல்நாயகி சோறு போட்டு, கத்திரிக்காய்க் காரக்குழம்பை ஊற்றினார். விசிறியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பலராமன் ஒரு துண்டைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு சத்தமில்லாமல், இன்னொரு கரண்டிக்குத் தட்டைக் குழம்புச் சட்டியின் பக்கம் நகர்த்தினார்.