ஓரச் சிப்பாய்

பரத்வாஜுக்கு மயிலாப்பூரில் நல்லவன் என்று பெயர். கல்லூரியில் கணக்கு வாத்தியார், அடையாறு சதுரங்க மன்றத்தின் செயலாளர். ஆட்டம் முடிந்ததும் நகர்த்தல்கள் எழுதிய தாளைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது மன்ற வழக்கம். பெட்டிச் சாவி அவனிடம்தான் இருந்தது.

பிழையே செய்யாமல் மனிதரை நசுக்கும் சதுரங்கக் கணினி நிரல்கள் ஏராளம். மனிதரைப் போலவே தயங்கி, சறுக்கி ஆடும் நிரல் ஒன்றை எழுத அவன் ஆசைப்பட்டான். அதற்குப் பாடமாக ஆரோக்கியமேரியின் தாள்களை எடுத்துக்கொண்டான். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் மேரி நாலு வருடமாக ஞாயிறு தவறாமல் ஆட வருபவள். நானூறுக்கு மேல் தாள்கள். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மேரிக்கு ஒரு பழக்கம். ராஜாவைப் பத்திரப்படுத்துமுன், காரணமே இல்லாமல் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவாள். நிரலும் தள்ளக் கற்றுக்கொண்டது. பரத்வாஜ் துள்ளிக் குதித்தான். நிரலை இணையத்தில் இலவசமாக விட்டான்.

மறு வருடம், கோயம்புத்தூர் போட்டிக்கான தேர்வு செல்போன் வழியாக நடந்தது. மேரி எல்லோரையும் வென்றாள். தோற்றவர்களில் ஒருவர் புகார் கொடுத்தார். சோதித்தபோது அவள் ஆட்டம் பரத்வாஜின் நிரலோடு அச்சாகப் பொருந்தியது, பிழைகள் உட்பட.

"மீன்காரிக்கு இவ்வளவு மூளையா? உன் நிரலைப் பார்த்துண்டே ஆடியிருக்கா," என்றார் தேர்வுக் குழுத் தலைவர் வெங்கடரமணன். "பொருந்தறதோன்னோ?"

நிரல் அவளிடமிருந்து திருடியது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"பொருந்தறது," என்றான் பரத்வாஜ்.

மேரிக்கு ஓராண்டு தடை. குப்பத்துப் பெண் ஏமாற்றியிருப்பாள் என்பதை நம்ப அந்த அறையில் ஒருவருக்கும் சான்று தேவைப்படவில்லை. அவனுடைய மௌனத்துக்குத் துணை நின்றது அதுதான்.

பதினோராம் நாள் குப்பத்துக்குப் போனான். மீன் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

மேரி வஞ்சிரத்தை வெட்டுவதை நிறுத்தவில்லை. "அப்போ உன் மிஷினு என்னைப் பாத்து ஆடிக்கினு கீது. திருடி நானு. நல்லா கீது சார் நாயம்."

"மன்னிச்சிடுங்க, மேரி."

"இத்த இங்க வந்து ஏன் சொல்ற? அங்க குந்திக்கினு இருந்தியே, அங்க சொல்லு."

சொன்னான். நிரலுக்கு முந்தைய தேதி போட்ட அவள் தாள்களைக் குழுவின் மேசைமேல் கொட்டினான். நிரலை இணையத்திலிருந்து எடுத்தான், பதவியை விட்டான். தடை நீங்கியது. ஆனால் அன்று காலையே கோயம்புத்தூரில் போட்டி தொடங்கிவிட்டிருந்தது, அவள் இடத்தில் வேறொருவரை வைத்து.

அடுத்த ஞாயிறு மேரி மன்றத்துக்கு வந்தாள். பரத்வாஜின் எதிரிலேயே உட்கார்ந்தாள். ஓரச் சிப்பாய்வரை அவள் கை போனது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு அதைத் தொடாமல் வேறு காயை நகர்த்தியது.

"இன்னா சார் பாக்குற?" என்றாள். "இப்போ உன் மிஷினு மாதிரி இல்லல்ல?"

அன்று அவள் தோற்றாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.