எழில் சுற்றாத பக்கம்

"விளையாடறதுக்கு சம்பளமா?" என்று எழிலைக் கேட்காதவர்கள் கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியான நானும் கேட்டிருக்கிறேன். ஒரு மத்தியானம் அவள் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வீடியோ கேமில், ஒரே சுவரில் ரோபோவை நாற்பது முறை மோதவிட்டாள். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதன்பின் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

'விண்தாவி' என்பது அந்த வீடியோ கேமின் பெயர். ஒரு ரோபோ கிரகம் கிரகமாகத் தாவிப் போகும். எட்டு பாகங்கள் வந்துவிட்டன. கடைசி மூன்றில் பிழை தேடிக் கொடுத்தவள் எழில். பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. ஆனால் ஒப்பந்த ஆள் என்பதால், கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை. ஒன்பதாம் பாகத்தில் ஒரு கிரகத்தையே அவள் பொறுப்பில் விட்ட மேலாளர் புகழேந்தி, பிழையில்லாமல் முடித்தால் இந்த முறை பெயர் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கிரகத்தின் நடுவில் பெரிய மலை. அதைச் சுற்றி ஒரு பாதை, எந்தப் பக்கமாகவும் ஓடலாம். முந்நூறு முறைக்கு மேல் சுற்றிப் பார்த்துவிட்டு, முழுவதும் சோதித்தாயிற்று என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் பால் வாங்கக் கிளம்பினோம். கிரிவலப் பாதையில் ஆந்திராக்காரப் பெரியவர் ஒருவர், கூட வந்தவர்களைத் தவறவிட்டு எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். ஆளாளுக்கு அதட்டினார்கள். "இந்தப் பக்கமா சுத்தக்கூடாது, திரும்புய்யா." தமிழ் புரியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். எழில்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய ஆட்களிடம் விட்டாள்.

திரும்பி வந்தவளின் முகம் சரியில்லை.

"அக்கா, நான் ஒரு வாட்டிகூட அந்தப் பக்கமா சுத்தலக்கா."

"யாருதான் சுத்துவாங்க?"

"மலைய சொல்லலக்கா. கேம்ல."

பால் வாங்காமலே வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மலை இடக்கைப் பக்கம் வரும்படி ரோபோவைத் திருப்பி ஓடவிட்டாள். மூன்றாவது பாலம் தாண்டியதும் அது தரைக்குள் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"சொல்லாம வுட்டுடேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். எனக்கு நல்ல புத்தி எப்போதும் கொஞ்சம் கம்மி. அவள் என்னை முறைத்துவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு புகழேந்தியை அழைத்தாள்.

"சார், முழுசா பாத்தேன்னு எழுதினது தப்பு. ஒரு பக்கமாதான் சுத்தியிருக்கேன். எங்க ஊர்ல மலைய அப்படித்தான் சுத்துவோம். மாத்திப் போகணும்னே தோணல."

புகழேந்தி சிரித்தார். "வேற யாராவது கண்டுபுடிச்சிருந்தா உங்க பேர எடுத்திருப்பேன். நீங்களே சொல்லிட்டீங்க. பேர் இருக்கும்."

எழில் அழுதுவிட்டாள். நானும்தான்.

அடுத்த வாரம் அவர் மறுபடி அழைத்தார். கேமை வடிவமைப்பவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் பிடித்துப்போய்விட்டதாம். "மாத்தி சுத்தினா விழறத அப்படியே வெச்சுக்கலாமான்னு கேக்கறாங்க. உங்க ஐடியான்னு சொல்லி பேர மொத வரிசையிலயே போட்டுடலாம்."

சரி என்று சொல்லச் சொல்லி நான் சைகை காட்டினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

"வேணாம் சார், சரி பண்ணிடுங்க," என்றாள். "தெரியாம அந்தப் பக்கம் வர்றவங்களும் இருப்பாங்க."