பாடகர் வராத ரெக்கார்டு

ரெக்கார்டு அச்சடிக்கிற தொழிற்சாலையில் பாட்டை ரசிக்கிறவர்களுக்கு வேலை இல்லை. பாட்டில் குறை கண்டுபிடிக்கிறவர்களுக்குத்தான் வேலை. எண்பதுகளின் ஆரம்பத்தில், நியூஜெர்ஸிக்கு வந்த புதிதில், நான் அப்படி ஒரு வேலை பார்த்தேன். அழுகிற குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு, புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, காலில் ஸ்நோ பூட்ஸ் என்று மூட்டை மாதிரி வேலைக்குப் போன சகோதரிகளுக்கு நான் சொல்வதெல்லாம் புரியும்.

பயந்த காது

முதலில் என்னைப் பேக்கிங்கில்தான் போட்டிருந்தார்கள். என் படிப்பு எட்டாவது வரைக்கும்தான். இங்கிலீஷ் காதுக்குள் போகும், வாய் வழியாக வெளியே வராது. யாராவது குட்மார்னிங் சொன்னால்கூடச் சிரித்து வைப்பேன். ஒருநாள் சூப்பர்வைசர் ஃப்ராங்க் என்னைக் கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டினார். மெஷினிலிருந்து வரும் ரெக்கார்டுகளில் அவ்வப்போது ஒன்றை எடுத்து முழுசாகக் கேட்க வேண்டும். டிக்கென்று கேட்டால் தூசி. துணி கிழிகிற மாதிரி கேட்டால் பிளாஸ்டிக் சரியாக உருகிப் பரவவில்லை. பாட்டு ஊஞ்சலாடினால் நடு ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது. தப்பு பெரிதாக இருந்தால் சிவப்பு பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்தலாம்.

யாரோடும் பேச வேண்டாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய சந்தோஷம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் காலால் தாளம் போட்டுக்கொண்டு குறையைக் கோட்டை விட்டார்களாம். நானோ கையைக் கட்டிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சரோஜா என்ற என் பெயரை சாரா ஆக்கிவிட்ட ஃப்ராங்க் சொன்னார்: "பாட்டு பிடிச்சவங்களுக்கு டிக் கேக்காது சாரா. நீ பயந்துகிட்டே கேக்குறே பாரு, அதான் எனக்கு வேணும்."

நிலாவும் வலையும்

இத்தாலியிலிருந்து வந்து பக்கத்து ஊரில் தங்கிவிட்ட ஐந்து பேர் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். அவர்களுடைய முதல் ரெக்கார்டு எங்களிடம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நடுவில் சர்ச் மாதிரி ஆர்கன், புல்லாங்குழல், அப்புறம் இடி. பாடினவர் பெயர் ரெனாட்டோ. அந்தக் குரல் கெஞ்சும், அதட்டும், கடைசியில் குழந்தை மாதிரி விம்மும். ஒரு வார்த்தைகூடப் புரியாமலே என் கண் கலங்கியது.

பேக்கிங்கில் இருந்த ஆஞ்சலா ஆன்ட்டி இத்தாலிக்காரி. தினமும் தன் காரில்தான் என்னைக் கூட்டிப் போவாள். அவளிடம் தட்டுத்தடுமாறி அர்த்தம் கேட்டேன். யாரோ செத்துப்போன கதையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆன்ட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்துச் சொன்னாள்: "ஒரு மீன்காரன் வலை போட்டு நிலாவைப் பிடிச்சுடுறான். பிடிச்சதை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. அவ்வளவுதான்மா, அதுக்குத்தான் அத்தனை நேரம்."

காணாமல் போன குரல்

இன்னொரு நாள், யாரோ ஒரு அம்மாள் பாடின ரெக்கார்டு. பாதியில் அந்த அம்மாள் குரல் திடீரென்று கிணற்றுக்குள் போய்விட்டது. வாத்தியம் மட்டும் ஓடுகிறது. நான் பதறிப்போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டேன். மெஷின் நின்றது, ஆட்கள் கூடினார்கள்.

ஃப்ராங்க் வந்தார். ஹெட்ஃபோன் ப்ளக் பாதி வெளியே வந்திருந்ததைப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். பாடகி திரும்பி வந்துவிட்டாள். ப்ளக் லூஸானால் இரண்டு காதுக்கும் நடுவில் கேட்கிற குரல் மட்டும் கரைந்து போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மா எங்கேயும் போகலை சாரா. இன்னொரு தடவை இதே மாதிரி மெஷின் நின்னா, போறது நீதான்."

மறுபடியும் அதே கதை

சில மாதம் கழித்து அந்த இத்தாலிக்காரர்களின் இரண்டாவது ரெக்கார்டு வந்தது. அட்டையில் ஐந்து பேரும் நிற்கிறார்கள், நடுவில் ரெனாட்டோ. ஆசையாக ஊசியை வைத்தேன். டிரம்ஸ் ஆரம்பித்தது. கரண்ட் பியானோ ஒன்று, வெண்கல மணிக்குள் தண்ணீர் ஊற்றின மாதிரி. அப்புறம் கிட்டார், சாக்ஸஃபோன். இதோ பாடுவார், இதோ பாடுவார் என்று காத்திருக்கிறேன், பாட்டு முடிந்துவிட்டது. அடுத்ததிலும் குரல் இல்லை. ப்ளக்கை அமுக்கினேன். பிடுங்கி மறுபடி சொருகினேன். வேறு ஹெட்ஃபோன் மாட்டினேன். ரெனாட்டோ வரவே இல்லை.

நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாமல் குரல் இல்லாத ரெக்கார்டு பெட்டி பெட்டியாக வெளியே போனாலும் வேலை போகும். இந்தப் பயத்தில் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நாலு வாத்தியமும் நாலு தெருவில் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்றை ஒன்று சீண்டுகின்றன, கேள்வி கேட்கின்றன. தொலைந்தே போய்விட்டன என்று நினைக்கும்போது, தவிலில் தீர்மானம் வைக்கிற மாதிரி, ஒரே அடியில் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்கு ஆஞ்சலா ஆன்ட்டியிடம் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. அவளுக்குக் கேட்பதுதான் எனக்கும் கேட்கிறது. அத்தனை மயக்கத்திலும் கை மட்டும் பழக்கத்தில், அங்கங்கே டிக் விழுந்த இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தது.

கடைசியில் பட்டனை அமுக்கினேன். ஃப்ராங்கிடம் போய், மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன்: "நோ சிங்கர்." அவர் ப்ளக்கைப் பார்த்தார். ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். அட்டைப் படத்தைப் பார்த்தார். அவர் முகமும் மாறிவிட்டது. மதியம் முதல் பெட்டியை வாங்கிப்போக பேண்டுக்காரர்களே வருவதாக இருந்தது. "குரல் நிஜமாத் தொலைஞ்சிருந்தா நீ எங்களைக் காப்பாத்தினே. இல்லேன்னா, மெஷின் நின்ன நேரத்துக்கு முதலாளிகிட்ட நான் உன் பேரைத்தான் சொல்லணும்."

டிக் விழுந்த இடம்

ரெனாட்டோவும் பியானோக்காரரும் வந்தார்கள். மேடையில் ராஜா மாதிரி இருப்பார் என்று நினைத்த ரெனாட்டோ, மெலிந்து, என்னைவிடக் கூச்சப்பட்டு நின்றார். ஃப்ராங்க் விஷயத்தைச் சொன்னதும் பியானோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இதில் பாட்டே கிடையாதாம். மீன்காரன் கதையெல்லாம் போதும், இனிமேல் ஜாஸ் மாதிரி வாத்தியமே பேசட்டும் என்று எல்லாருமாக முடிவு செய்தார்களாம். ஃப்ராங்க் என் பக்கம் திரும்பினார். எனக்கு டேகேரில் இருக்கிற குழந்தை ஞாபகம் வந்தது.

பியானோக்காரருக்குக் கேலி அடங்கவில்லை. வேறு ஏதாவது குறை உண்டா மேடம் என்று கேட்டார். பேச வராமல், குறித்து வைத்த இடத்தில் ஊசியை வைத்துக் காட்டினேன். சாக்ஸஃபோன் மூச்சு வாங்குகிற இடத்தில், ரொம்ப மெலிசாக ஒரு டிக். அடுத்த இடத்தில் இன்னொன்று. பியானோக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ரெனாட்டோ தன் கோட்டுப் பையிலிருந்து வாத்தியமாகத் தட்டுகிற ஒரு சின்ன முக்கோணக் கம்பியை எடுத்து, விரலால் சுண்டினார். அதே டிக். நான் தூசி என்று குறித்ததெல்லாம் அவர் வாசித்தது. பாட்டே இல்லாத பேண்டில் பாடகனுக்கு என்ன வேலை, விட்டுப் போய்விடு என்று பலர் சொன்னார்களாம். இவர் பாடவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று இந்தக் கம்பியோடு உட்கார்ந்துவிட்டாராம்.

ஃப்ராங்க் போய் மெஷினை ஓடவிட்டார். ரெனாட்டோ நான் குறித்த இடங்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. போகும்போது, ஃப்ராங்க் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னார்: "எங்கம்மா ரெண்டு தடவை முழுசாக் கேட்டுட்டு, இதுல நீ எங்கேடா இருக்கேன்னு கேட்டாங்க. நான் இருக்கிற இடத்தையெல்லாம் கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."

ஒரு மனுஷனையே தூசி என்று குறித்து வைத்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது, எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.