கட்டுப் போட முடியாத இடம்

“காலை நிமிர்த்து. செத்த மீன் மாதிரி தொங்கவிடாதே. விரல் உன் மூக்கைப் பாக்கணும். ம், அப்படியே வை. ஆட்டினேன்னா அவுத்துட்டு முதல்லேருந்து சுத்துவேன், சொல்லிட்டேன்.”

மேசைமேல் உட்கார்ந்திருக்கும் பையன் அவளைவிட ஒரு முழம் உயரம். ஆனாலும் காலை ஆட்டாமல் வைத்திருக்கிறான். அவள் இடுப்பில் கத்தரிக்கோல் தொங்குகிறது, அதை எடுப்பதில்லை. ஒட்டுப்பட்டையை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்துச் சரக்கென்று கிழிக்கிறாள். பட்டை குதிகாலுக்கு அடியில் நுழைந்து, பாதத்தின் மேலேறி, கணுக்காலைச் சுற்றி வருகிறது. எங்காவது ஒரு சுருக்கம் விழுந்துவிட்டால் போச்சு. “இந்தச் சுருக்கந்தான் நாளைக்குக் கொப்புளம். அப்புறம் அக்கா அக்கான்னு என் உயிரை வாங்குவே” என்று திட்டிக்கொண்டே பிரித்துவிடுவாள். பட்டையின் பசை ஏறி அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. எந்தச் சோப்புக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை.

பந்தாட்டக் குழுவில் யார் பேரும் அவளுக்குச் சட்டென்று வாயில் வராது. “வலது தொடை வந்தாச்சா? கட்டைவிரல் எங்கே? இடது முழங்கால், ஐஸ் வச்சுட்டுத்தான் கிளம்பணும்!” பையன்களும் அதற்கே திரும்பிப் பார்க்கிறார்கள். பதிலுக்கு அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் பிளாஸ்திரி.

பட்டம் வாங்கியவள். அது போதாதென்று மேல்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஆடுகிறவர்களுக்கு அடிபடாமல் காப்பதும், பட்டால் முதல் ஆளாய் ஓடிப் பார்ப்பதும், திரும்பக் களத்தில் இறங்கலாமா கூடாதா என்று சொல்வதும்தான் படிப்பு. காலையில் வகுப்பு. அங்கே ஒருத்தி முழங்காலை இன்னொருத்தி இழுத்துத் திருகிப் பழகி, எல்லோர் காலிலும் கன்றிப்போன தடம். சாயங்காலம் மைதானம். நடுவில் பஸ்ஸில் தூக்கம். பையில் பிளாஸ்டிக்கில் செய்த முழங்கால் எலும்பு ஒன்று எப்போதும் இருக்கும். பக்கத்து சீட்டில் உட்காரும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டே வருவது வழக்கம்.

இதை வீட்டு மனிதர்களுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாட்டை நாய்கூடப் படாது.

“டாக்டராம்மா?” என்றாள் பெரியம்மா.

“இல்லை.”

“நர்ஸா?”

“இல்லை பெரியம்மா.”

“ஓட்டப்பந்தயம் சொல்லிக் குடுக்கறதா?”

“அதுவும் இல்லை. கீழே விழுந்தவங்களைப் போய்ப் பாக்கறது.”

“விழுந்தா அவனவனே எழுந்துக்க மாட்டானா? இதுக்கு ஒரு எம்.ஏ. வேணுமா? ஊரான் பிள்ளை காலைப் பிடிச்சுவிட உங்கப்பன் நிலத்தை வித்தானே, அவனைச் சொல்லணும்!”

அவள் கையிலிருந்த தட்டு ணங்கென்று தரையில் உட்கார்ந்தது. எழுந்து போனவள் ராத்திரிதான் அறையை விட்டு வந்தாள். இந்தக் கோபம் தாய்வழிச் சொத்து. அவள் அம்மாவுக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார். டிக்கெட் பரிசோதகர் “யோவ்” என்று கூப்பிட்டார் என்பதற்காக, கையில் முறையான டிக்கெட் இருந்தும் நடுவழி ஸ்டேஷனில் இறங்கி, தங்கை கல்யாணத்துக்கு மறுநாள் நடந்து வந்து சேர்ந்த மனிதர். அவர் மூக்கும் அந்த மூக்கின் நுனியில் இருந்த கோபமும் அப்படியே இவளுக்கு வந்திருக்கின்றன.

ஆனால் ஒன்று. விசேஷ வீட்டில் எல்லோரும் புடவையைப் பார்க்கும்போது இவள் நடையைத்தான் பார்ப்பாள். “மாமா, உங்களுக்கு வலது இடுப்பு இறங்கியிருக்கு. பர்ஸைப் பின்பாக்கெட்ல வச்சு உக்காராதீங்க” என்று ஒருமுறை சபை நடுவில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாமன் முறைக்காரர்கள் அவள் எதிரே நடப்பதில்லை. அவள் போகும்வரை நாற்காலியிலேயே இருக்கிறார்கள்.

மைதானத்தில் அவளுக்கு மேலே இருவர். ஒருவர் கோச். மற்றவர் அவளுடைய மேற்பார்வையாளர். இதே தொழிலில் நரைத்தவர். இந்தப் பருவத்தில் அவள் தேறினாளா இல்லையா என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். கெட்டவர் இல்லை. காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து சாய்ந்து முதுகே அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். “மரம் மாதிரி நிக்காதேம்மா, நாணல் மாதிரி இரு” என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்டப் பருவம் தொடங்கும் முன் பையன்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை வைப்பது இந்தத் தொழிலில் முறை. சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது. மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வைப்பது. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிறுத்துவது. பின்னால் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால், அதே சோதனையை மறுபடி வைத்து, நன்றாயிருந்தபோது வாங்கியதையும் இப்போது வாங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் மூளை குலுங்கியிருக்கிறது. ஆட விடக் கூடாது.

இந்த வருஷம் அந்தச் சோதனையை வைத்தது பிளாஸ்திரிதான். பரீட்சையில் முதலாவதாக வருகிற பையன் டிசம்பருக்கு முன்னால் அக்டோபர் என்றான். ஒற்றைக்காலில் நின்றவர்கள் கொக்கு மாதிரி நிற்கவேண்டியது போய்க் குடிகாரன் மாதிரி சாய்ந்தார்கள். “சார், எல்லாருமா சேர்ந்து இவ்வளவு மோசமா செய்வாங்க? மறுபடி வைக்கலாமே” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். “பசங்க விளையாட்டுப் புத்திம்மா. வேலையைப் பாரு” என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

இறுதிப் போட்டியன்று இரண்டு பக்கமும் சமமாய் இருந்தது. ஆட்டம் முடியப் போகும் நேரம். பந்துக்கு எம்பிய இடது முழங்காலின் தலையும் எதிராளி ஒருவன் தலையும் மோதிக்கொண்டன. தேங்காய் உடைந்த சத்தம். இடது முழங்கால்தான் குழுவின் தலைவன். எதிராளி எழுந்துவிட்டான், இவன் எழவில்லை. நடுவர் கைகாட்டும் முன்பே பிளாஸ்திரி பாதி மைதானம் தாண்டியிருந்தாள். கழுத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, மெல்ல நடத்தி ஓரத்து நிழலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். கோச்சும் பின்னாலேயே வந்தார்.

“சீக்கிரம் பாரும்மா! ஒரு ஆள் குறைச்சலா ஆடிட்டிருக்கோம்.”

அவள் சோதனையை வைத்தாள். வார்த்தைகளில் பாதி போய்விட்டது. ஒற்றைக்கால் தள்ளாடியது. மேற்பார்வையாளர் அவள் தோளுக்கு மேலாக மார்க் தாளை எட்டிப் பார்த்தார்.

“பருவ ஆரம்பத்திலேயும் இதே மார்க்தானே?” என்றார் கோச். “அப்புறம் என்ன? குறையலையே! எழுந்திருடா.”

“இருங்க சார்.”

இடது முழங்கால் அவளை அண்ணாந்து பார்த்தான். வெளிச்சம் கூசுகிறவனைப் போலக் கண்ணைச் சுருக்கினான். “அக்கா, ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?”

“ஆச்சு. நீ பேசாம இரு.”

“சரிக்கா.” கொஞ்சம் யோசித்தான். “இப்போ தப்பாச் சொல்லணுமா, சரியாச் சொல்லணுமா?”

“என்னது?”

“அப்போ தப்பாத்தானே சொல்லச் சொன்னார் கோச் சார். எல்லாரும் தப்பாச் சொல்லிட்டோம். இப்போ எப்படிச் சொல்லணும்?” பிறகு, முதல்முறை கேட்பவனைப் போலவே, “அக்கா, ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?” என்றான்.

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பின்னால் அடிபட்டாலும் மார்க் குறைந்ததாகத் தெரியக் கூடாதென்று அன்றைக்கே தராசை உடைத்து வைத்திருக்கிறார்கள். அதில் எடை போட்டு இன்றைக்கு ஒரு பிள்ளையைக் களத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

“நீங்களா சார் சொல்லிக் குடுத்தீங்க?”

கோச்சின் முகம் ஒரு நொடி சுருங்கி, மறு நொடி சரியாகிவிட்டது. “அடிபட்டவன் உளறுறான், அதைப் போய்ப் பிடிச்சிட்டு நிக்கிறியா? எல்லா ஊர்லேயும் நடக்கிறதுதான். கொஞ்ச நேர ஆட்டம். இவன் இல்லேன்னா கோப்பை போச்சு.”

“இன்னொரு இடி பட்டா இவனே போயிடுவான் சார். கால்னா கட்டுப் போட்டு அனுப்பியிருப்பேன். இதுக்கு எங்கே கட்டுறது?”

“நேத்து வந்த பொண்ணு நீ! தண்ணி பாட்டில் தூக்குறவ எனக்குச் சொல்லித் தரியா?”

“தண்ணியும் தூக்குவேன். இவனை உள்ளே விடமாட்டேன்.”

கோச் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். “என்ன சார், உங்க ஆளு?”

மேற்பார்வையாளர் செருமினார். பையனைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தார். “மார்க் என்னவோ ஒத்துத்தான் போகுது… யோசிச்சுப் பேசும்மா. உன் வருஷம் என் கையிலே இருக்கு.”

“இருக்கட்டும் சார். இவன் தலை என் கையிலே இருக்கு. உங்க கையிலே இருக்கறதை வச்சு நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க.”

அப்பன் விற்ற நிலம் அவளுக்கு அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

“எழுந்து ஓடுடா!” என்று கோச் கத்தினார். பையன் கேட்ட குரலுக்குக் கட்டுப்பட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தான்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து அவன் ஷூ நாடாக்களைக் கத்தரிக்கோலால் அறுத்தாள். இரண்டு ஷூவையும் உருவினாள். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே போட்டு, மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். கோச் என்னென்னவோ சொல்லிக்கொண்டே நின்றார். அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கறுத்த விரல்களை விரித்து, வெயில் படாமல் பையன் கண்களுக்கு மேலே குடைபோலப் பிடித்தாள்.