மேவிஸுக்கு ஒரு தங்கை

மேவிஸ் டாலிவர் சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. அலபாமாவின் வடக்கு மூலையில் அப்பாவின் கோழிப்பண்ணையில் வளர்ந்தவள். ஆயிரக்கணக்கான கோழிகளின் கூச்சலும் ராட்சத மின்விசிறிகளின் இரைச்சலும் சேர்ந்த இடத்தில் மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடுகூட வந்து சேராது. தொண்டையைத் திறந்தால்தான் பிழைப்பு.

பல்கலைக்கழகத்துக்கு வந்து, வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு வீட்டில் மாணவிகள் கூடி வாழும் சகோதரி மன்றத்தில் சேர்ந்த பிறகு அந்தத் தொண்டைக்கு ஒரு பதவியே கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் மாதம் புதுப் பெண்களைச் சேர்க்கும் வாரத்தில், வாசல் கதவு திறந்ததும் நூறு பெண்கள் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி சாய்ந்து நின்று, கைதட்டிக் கத்தி வரவேற்பார்கள். அந்தக் கூச்சலை எடுத்துக் கொடுப்பது மேவிஸ். அவள் முதல் வரியைப் பிடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். வெளியே வெயிலில் வரிசையாக நிற்கும் புதுப் பெண்களில் சிலர் ஓரடி பின்னால் போவார்கள். அப்படிப் போனால் மேவிஸுக்கு இன்னும் உற்சாகம்.

அந்த வீட்டில் வம்சங்கள் உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மூத்தவர்களில் ஒருத்தி அக்கா. அந்த அக்காவுக்கு ஓர் அக்கா, அவளுக்கும் ஓர் அக்கா என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். முத்து வம்சம் என்று ஒன்று. காதில் முத்து, தலையில் இளஞ்சிவப்பு ரிப்பன், தும்மினால்கூட நன்றிக் கடிதம் எழுதுகிற கூட்டம். அதன் இப்போதைய மகாராணி மெரிடித் ஹாலோவே. இன்னொன்று இடி வம்சம். வாயாடிகள், விசிலடிப்பவர்கள், கால்பந்து ஆட்டத்தில் நடுவரைத் திட்டித் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஒரு காலத்தில் இடி வம்சத்துக்காரிகள் உட்கார்ந்தால் சாப்பாட்டு அறையில் இரண்டு மேஜை நிறையும். பிறகு ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு போனாள், ஒருத்தி வேறு கல்லூரிக்கு மாறினாள், மேவிஸின் அக்கா, ஜூன் என்பவள், படிப்பு முடிந்து பர்மிங்ஹாமில் வேலைக்குப் போய்விட்டாள். மிச்சம் மேவிஸ் மட்டும். போன வருடம் தங்கை வேண்டும் என்று கேட்டாள், ஒருத்தியும் அமையவில்லை. இந்த வருடம் அவளுக்குக் கடைசி வருடம். இப்போதும் அமையாவிட்டால் வம்சம் அவளோடு சரி.

"என்னடீ மேவிஸ், இடி வம்சத்துல இப்ப ஒரே ஒரு இடிதானாமே?" என்று மெரிடித் சாப்பாட்டு அறையில் சீண்டுவாள்.

"ஒண்ணு போதும்டீ. அது விழுந்தா உன் முத்தெல்லாம் உதிர்ந்துடும், பாத்து நட."

பேச்சில் மேவிஸை யாரும் ஜெயித்ததில்லை. ஆனாலும் மூன்று தலைமுறை முத்துக்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறு எரியும். எரிந்ததை யாரிடமும் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அறைத்தோழி கோரா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். புதுப் பெண்களுக்கு அக்கா பொருத்திக் கொடுக்கிற பொறுப்பு கோராவுடையது.

"மேவிஸ், உனக்குத் தங்கை அமைஞ்சாச்சு."

மேவிஸ் வாயைத் திறப்பதற்குள் கோரா தலையணையால் அவள் முகத்தை அமுக்கினாள். "கத்தாதடீ! ரகசியம்! வியாழக்கிழமை வரைக்கும் மூச்சு விடக் கூடாது."

"யாருடீ? சொல்லித் தொலை!"

"ஆன்ஸ்லி கிரிம்ஸ்."

"அந்த வாயே தொறக்காத பொண்ணா? உப்பு வேணும்னாகூட சைகைதானே காட்டுவா?"

"அவளேதான். இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்புறம் என்மேல பாயாத. அவ உன்னைக் கேக்கல. மெரிடித்தைக் கேட்டா. மெரிடித்துக்கு வேற பொண்ணு போயாச்சு."

மேவிஸ் கொஞ்ச நேரம் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "கேக்காட்டி என்ன? வியாழக்கிழமைக்குள்ள கேக்க வைக்கிறேன் பாரு."

அந்த வாரம் முழுக்க அக்காக்கள் முகம் காட்டாமல் தங்கைகளின் கட்டிலில் பரிசு வைப்பார்கள். கூடவே தான் யார் என்று ஒரு துப்பு. துப்பு என்றால் உண்மையான துப்பு இல்லை. வேறு யாரையோ காட்டிவிட்டுத் தங்கையை அலைய விடுவதுதான் அதில் உள்ள சுவை.

"உனக்கு இதெல்லாம் வராதுடீ" என்று கோரா சிரித்தாள். "நீ ரகசியமா ஒரு முட்டைகூட உடைக்க மாட்டே. பரிசைத் தொட்டுப் பார்த்தாலே உன் குரல் கேக்கும்."

இந்த மாதிரி ஒரு வார்த்தை போதாதா? மேவிஸ் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் இளஞ்சிவப்பு ரிப்பன் வாங்கினாள். மெரிடித் விரும்பித் தின்னும் எலுமிச்சை பிஸ்கட் வாங்கினாள். கோராவை உட்கார வைத்து, துப்புச் சீட்டுகளை மெரிடித் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக, புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் குட்டி இதயம் போட்டு எழுத வைத்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் முத்து வம்சம் என்றுதான் சத்தியம் செய்வார்கள்.

ஆனால் ரிப்பனைப் பிரித்தால் உள்ளே இருந்ததெல்லாம் மேவிஸ். புதுச் செருப்பு கடித்து ஆன்ஸ்லி நொண்டுவதைப் பார்த்துவிட்டு மெத்தென்ற காலுறையும் பிளாஸ்திரியும் வைத்தாள். அவள் தெற்கே நிலக்கடலை விளைகிற ஊர்க்காரி என்று கேட்டறிந்து, நெடுஞ்சாலை ஓரக் கடை வரைக்கும் வண்டியை ஓட்டிப் போய், உப்புத் தண்ணீரில் வேகவைத்த கடலையைச் சூடு ஆறுவதற்குள் கொண்டு வந்தாள். அறையில் நான்கு பேர் இருப்பதால் ஆன்ஸ்லி அம்மாவோடு பேசத் துணி துவைக்கும் அறைக்குப் போய்த் தரையில் உட்காருவாள். மறுநாள் அங்கே ஒரு நாற்காலி இருந்தது, மேலே ஒரு மெத்தை. அவள் பேசுகிற நேரத்தில் அழுக்குத் துணியோடு வந்தவர்களை மேவிஸ் வழியிலேயே மடக்கி, "மெஷின் ரிப்பேர், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

புதன்கிழமை மதியம் மேவிஸ் கோழி வறுவலும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு மேஜையைத் தேடி வந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆன்ஸ்லியின் குரல். அந்தப் பெண் வாய் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மெரிடித்தான். யாருமே பாக்காததெல்லாம் பாத்திருக்காங்க. என்னை இப்படி யாரும் கவனிச்சதே இல்லை. நான் கேட்டவங்களே எனக்குக் கிடைச்சுட்டாங்க, நெனச்சா அழுகை வருது."

முதலில் மேவிஸுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. தட்டை வைத்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. நாலு நாளாக அவள் ஓடி ஓடிச் சேர்த்த பாசம் அத்தனையும் மெரிடித் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. மெரிடித்துக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கோழி வறுவலை அவள் மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

"கடைசிப் பரிசுல உண்மையான துப்பு வெச்சுடறேன்" என்று அறைக்கு வந்து கோராவிடம் சொன்னாள். "ஒரு கோழி பொம்மை. போதும்ல?"

"கோழின்னா இந்த வீட்டுல நீதானே. வெச்சுடு. நாளைக்கு அவ தடுமாற மாட்டா."

மேவிஸ் பொம்மையை வாங்கியும் வந்தாள். கையில் வைத்துக்கொண்டு ஆன்ஸ்லியின் கட்டில் பக்கத்தில் நின்றாள். அதைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி வாடும் என்று யோசித்தாள். யோசித்தவுடன் கை வரவில்லை. மேவிஸ் டாலிவர் பயந்துபோனாள், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பொம்மையைத் தன் பைக்குள் திணித்துவிட்டு, மறுபடியும் இளஞ்சிவப்பு ரிப்பனையே வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மதியம் நூல் கட்டினார்கள். ஒவ்வொரு தங்கைக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல். ஒரு முனை முன்வாசலில் தங்கையின் கையில். அங்கிருந்து மாடிப்படி, சமையலறை, ஓக் மரம், கார் நிறுத்துமிடம் என்று வீட்டையே சுற்றிக்கொண்டு போய், மறு முனையில் அக்கா ஒளிந்திருப்பாள். அக்கா நகரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. தங்கைதான் நூலைச் சுருட்டிக்கொண்டே தேடி வரவேண்டும். அக்காவும் தங்கையுமாகக் கண்டுபிடித்துக்கொண்டவர்கள் வாசலுக்குத் திரும்பி நிற்பார்கள்.

மேவிஸின் நூல் பச்சை. கல்லூரி விழாவுக்கு ஊர்வல வண்டி செய்கிற கொட்டகைக்குப் பின்னால், கம்பி வலைச் சுருளுக்கும் சுவருக்கும் இடையில் அவள் நின்றாள். நூல் விரலில் இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. வருகிறாள், வருகிறாள் என்று மேவிஸ் நூலை விரலில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். பக்கத்தில் ஓக் மரத்தடியில் ஒரு ஜோடி கண்டுபிடித்துக்கொண்டு கிறீச்சிட்டது.

பிறகு நூல் தொய்ந்தது.

முன்வாசல் பக்கம் திடீரென்று சத்தம் அடங்கி, யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. என்ன நடந்திருக்கும் என்று மேவிஸுக்குத் தெரிந்துபோயிற்று. வீட்டுக்குள் நூலோடு போன ஆன்ஸ்லி, ஜன்னல் வழியே வாசலில் மெரிடித்தைப் பார்த்திருப்பாள். நூலைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள்.

அக்கா நகரக் கூடாது. மேவிஸ் நகர்ந்தாள். பச்சை நூலைத் தானே சுருட்டிக்கொண்டு, மற்றவர்களின் நூல்களை இடறி, சமையலறையைக் கடந்து முன்வாசலுக்கு வந்தாள். அங்கே மெரிடித், பக்கத்தில் தன் சொந்தத் தங்கையை வைத்துக்கொண்டு, ஆன்ஸ்லியின் தோளைப் பிடித்து, "நான் இல்லடா கண்ணு, நிஜமாவே நான் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. அதற்காக அவளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆன்ஸ்லி கழுத்து வரைக்கும் சிவந்துபோய் நின்றாள்.

"மேவிஸ்! அக்கா நகரக் கூடாதுடீ!" என்றாள் கோரா.

"நகந்தாச்சு. என்ன பண்ணப் போற?"

ஆன்ஸ்லி திரும்பினாள். மேவிஸின் கையிலிருந்த பச்சை உருண்டையைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"அந்தக் கடலை?"

"நான் வாங்கினது."

"துணி துவைக்கிற ரூம்ல நாற்காலி?"

"அதுவும் நான்தான். மெஷின் நல்லாத்தான் இருந்துது."

ஆன்ஸ்லியின் கண்ணில் நீர் நின்றது. கோபமும் நின்றது. "அப்ப ஏன் மெரிடித் மாதிரி எழுதினீங்க? எல்லாரும் பாக்க நான் ஓடி வந்து அசிங்கப்பட்டேன். ஊருக்கே கேக்கற மாதிரி பேசறீங்களே, உங்க பேரை மட்டும் ஏன் ஒளிச்சீங்க?"

எந்தக் கேள்விக்கும் மேவிஸிடம் பதில் இருக்கும். இதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது, துப்பு என்றால் அப்படித்தான், வழக்கம் என்று. அதை ஒதுக்கித் தள்ளினாள்.

"நீ அவளைத்தான் கேட்டே" என்றாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள். "அவ மாதிரி இருந்தா உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன். தப்புதான். இங்க பாரு, இப்ப படியில நின்னு எல்லாரும் அக்கா பேரைச் சொல்லுவாங்க. நீ சொல்லணும்னு கட்டாயம் இல்லை. கோரா வேற யாரையாவது பாத்துக் குடுப்பா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம் பச்சைப் பொய். கோபித்துக்கொண்டிருப்பாள், கிறிஸ்துமஸ் வரைக்கும். ஆனாலும் சொல்லிவிட்டுப் புல்வெளியில் போய் நின்றுகொண்டாள்.

தங்கைகள் வரிசையாகப் படியேறினார்கள். ஒவ்வொருத்தியும் பெயரைக் கத்த, அக்கா தன் வம்சத்துக் கோஷத்தைத் திருப்பிக் கத்த, கைதட்டல் எழுந்தது. கோரா கூப்பிட்டாள்: "ஆன்ஸ்லி கிரிம்ஸ்! உன் அக்கா யாரு?"

ஆன்ஸ்லி படியில் நின்று எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கல!" என்று கூட்டம் வழக்கப்படி கத்தியது. மேவிஸ் கத்தவில்லை. அவள் வாழ்க்கையில் வாயை அப்படி இறுக்கி மூடிக்கொண்டது கிடையாது. ஒரு சத்தம் எழுப்பினால் அந்தப் பெண் அதற்காகச் சொல்லிவிடுவாள். அப்படி வருகிற தங்கை அவளுக்கு வேண்டாம்.

ஆன்ஸ்லி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேவிஸ் டாலிவர்!"

நடுவில் குரல் பிசிறியது. பிசிறினாலும் ஓக் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இனி மேவிஸின் முறை. வாசலே அவளைப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கண்ணீர் மூக்கிலும் வாயிலும் வழிந்துகொண்டிருந்தது. யாரோ விசிலடித்தார்கள். "இடி நனைஞ்சுபோச்சுடீ!" என்று மெரிடித் கத்தினாள்.

ஆன்ஸ்லி படியிறங்கி, புல்வெளியைக் கடந்து, அவள் பக்கத்தில் வந்து நின்று முழங்கையால் இடித்தாள்.

"நம்ம வம்சத்துல என்ன கத்துவாங்க? சீக்கிரம் சொல்லுங்க, எல்லாரும் பாக்கறாங்க. நான் கத்தறேன்."