உடுப்பு மாற்ற ஓர் அறை

எங்கள் கால்பந்துக் கிளப்பின் புது ஸ்டேடியத்துக்கான பிளானை மேசையில் விரித்துவைத்து, கேலரி எந்தப் பக்கம் என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். கிளப் அறையின் மூலையில் இருந்த மூட்டையிலிருந்து, மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் நெடியடித்தது.

சிறுவயதில் பாளையங்கோட்டையில் நான் ஆடப்போன மைதானத்திலும் இதே நெடிதான். எங்களை ஏற்றிவந்த லாரிக்குப் பின்னால் அம்மா சேலையை விரித்துப் பிடிப்பாள்; பெண்பிள்ளைகள் நாங்கள் அதற்குள் குனிந்து ஜெர்சி மாற்றுவோம். காற்றடித்தால் சேலை விலகும், வெளியே சிரிப்புக் கேட்கும். "அடுத்த வருசம் ரூம் கெட்டிருவோம்ளா" என்பார் அப்பா. ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னார்.

"பொம்பளப் பிள்ளையளுக்கு உடுப்பு மாத்த ரூம் எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று கிளப் தலைவரிடம் கேட்டேன்.

"மொதல்ல கேலரி வரட்டும் தாயி. பொறவு பாப்போம்."

பேனாவை எடுத்து, பிளானில் இருந்த விருந்தினர் மேடையை அடித்துவிட்டு, 'பெண்கள் அறை' என்று எழுதினேன். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பிளானக் கெடுத்துட்டியளே."